ஒன்றரை முழ ஆழத்து மண்

பாக்கியசீலனைப் பற்றிச் சபைப் பத்திரிகையில் அரைப் பக்கம் போட வேண்டும் என்று கேட்டார்கள். பிறந்த வருஷம், படித்த படிப்பு, பார்த்த உத்தியோகம், கர்த்தருக்குள் நித்திரையடைந்த தேதி. எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, சொல்ல வேண்டியதும் ஒன்றும் இல்லை. அதனால்தான் மறுபடியும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் நேசையா, உபாத்தியாயர். முன்கோபி என்று ஊரில் பெயர், அது உண்மைதான். பாக்கியசீலன் என் மனைவி கெசியாவின் தம்பி. அவன் பிறந்த ஒன்பதாம் நாள் தாய் போய்விட்டாள். பன்னிரண்டு வயதுக் கெசியாதான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். எனக்கு வாழ்க்கைப்பட்டு வரும்போதும் அவனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். தகப்பனாரும் பின்னாலேயே வந்து எங்கள் வீட்டில் இருந்தார். எனக்கு அப்போது எரிச்சல்தான், மறைக்கவில்லை.

எங்கள் ஊர் கிருபைவிளை. தாமிரபரணி கடலைப் பார்த்து இறங்குகிற கடைசிப் பகுதியில், ஆற்றுக்குத் தெற்கே இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஊருக்கு வடக்கே குளமும் வயலும் வாழையும். தெற்கே தேரி. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: தேரி என்றால் செம்மணல் மேடு, மைல் கணக்கில். ஆடி மாதம் மேல்காற்று அடிக்கும்போது அது இடம்விட்டு இடம் நகரும். நேற்று வரப்பு தெரிந்த இடத்தில் இன்று மணல் கிடக்கும்.

தேரிக்கும் ஊருக்கும் நடுவில் என் மாமனார் தானியேலின் பெரியவிளை என்கிற புன்செய். அதில் ஒரு கிணறு. ஊரில் மற்ற கிணறெல்லாம் உப்பு, வாயில் வைக்க முடியாது. இது மட்டும் இளநீர். நாற்பது வீட்டுக்கும் குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர்தான். அவர் தன் கையால் வெட்டிய கிணறு. அதை மணல் மூடினால் ஊர் எழுந்து போக வேண்டியதுதான். சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும்.

மாமனார் இறந்த வருஷம், 1906 என்று ஞாபகம், பாக்கியசீலன் கிணற்றிலிருந்து மணல் விளிம்பு வரை காலால் அளந்தான். எண்பத்திரண்டு அடி வைத்தான். விளிம்பில் ஒரு பனம் முளையை அறைந்தான். அடுத்த ஆடி முடிந்ததும் அளந்தான், எழுபத்தொன்று. அடுத்து அறுபத்துமூன்று. நான் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறவன். கழித்துப் பார்க்க எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். ஆனாலும் நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாளையங்கோட்டையில் மெட்ரிக்குலேஷன் தேறினான். வாத்தியாராகவோ உபதேசியாராகவோ வருவான் என்று எல்லோரும் நினைத்திருக்க, கோயம்புத்தூரில் விவசாயக் கல்லூரி திறந்திருக்கிறார்கள், அங்கே போய் மண்ணைப் படிக்கப் போகிறேன் என்றான். ஊர் சிரித்தது. "ஏலே, மண்ணு படிக்கவா அம்புட்டுத் தூரம்? இங்கன வேணுங்கமட்டும் கெடக்கே, அள்ளி அள்ளிப் படி" என்றார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அவன் கோபப்படவில்லை. "கெடக்கத்தான் செய்யுது. அது ஏன் நிக்க மாட்டேங்குதுன்னு யாருக்குத் தெரியும்? தெரிஞ்சா நிறுத்திப்புடலாம்லா" என்றான்.

முதல் விடுமுறைக்கு வந்தபோது வீட்டில் இருந்த சொம்பெல்லாம் போயிற்று. குளத்து மண் ஒன்றில், வயல் மண் ஒன்றில், தேரி மண் ஒன்றில். தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வரிசையாக வைத்துவிட்டு, எது முதலில் அடியில் படிகிறது, எது கலங்கியே நிற்கிறது என்று கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"அட பாவி, குடிக்கிற சொம்புல மண்ணக் கரைச்சு வச்சிருக்கானே! ஒனக்குக் காப்பித் தண்ணிய எதுல தர, தேங்காச் சிரட்டைலயா?" என்று கெசியா கத்தினாள்.

"சிரட்டைலயே தா அக்கா. இங்க பாரு, குளத்து மண்ணு எப்படிக் கலங்கி நிக்குது பாரு. அது தண்ணியப் பிடிச்சு வச்சுக்கிடும். தேரி மண்ணு பாரு, போட்ட உடனே கல்லு மாதிரி எறங்கிட்டு. அது எதையும் பிடிக்காது."

"எம்மா, படிச்ச பிள்ள பேசுத பேச்சு" என்று அவள் அவன் தலையைத் தட்டினாள். அவளுக்கு அது ஒன்றும் புரியவில்லை. ஆனால் அன்று பூராவும் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன்.

தேரியை நிறுத்த அவன் ஒரு வழி வைத்திருந்தான். காற்றுக்குக் குறுக்கே ஓலைத் தட்டி கட்டுவது, சரிவில் அடம்புக் கொடியைப் படரவிடுவது, அதற்குப் பின்னால் பனங்கொட்டை போடுவது. பனையின் வேர் எவ்வளவு ஆழமானாலும் தேடிப் போய்விடும். ஒரே குறை, பனை ஆளாக இருபது வருஷம் பிடிக்கும். கிணற்றுக்கு அத்தனை வருஷம் இல்லை. மணலுக்கு அடியில், ஒன்றரை முழத்தில், பழைய ஆற்று வண்டல் கிடந்தால் போதும், பூவரசம் போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டே இரண்டு மழையில் மரமாக்கிவிடலாம் என்றான். கிடக்கிறதா என்று தெரிய வேண்டும். அதைக் கையால் தடவிச் சொல்ல முடியாது, கல்லூரியில் காய்ச்சி, சலித்து, நிறுத்துப் பார்க்க வேண்டுமாம்.

1912 ஆடியில் கடிதம் வந்தது. கடைசி வருஷப் படிப்பு அவனுக்கு. அவனுடைய யோசனையைக் கேட்ட ஒரு துரை, விவசாய இலாகாவில் பெரிய ஆள், சரி, உன் ஊரிலேயே ஒரு மழைக்கு நட்டுப் பார்க்கலாம் என்றாராம். அடுத்த ஆடிக் காற்றைத் தாண்டிப் பாதி மரம் நின்றால் தேரியை அடக்க ஒரு வேலையே ஏற்படுத்தி அதில் இவனை வைப்பதாகவும் சொன்னாராம். "அத்தான், பெரியவிளையில் தேரி விளிம்பில் ஒன்றரை முழம் தோண்டி, அடி மண்ணில் இரண்டு படி எடுத்து அனுப்புங்கள். நீங்களே நேரில் நின்று எடுக்க வேண்டும். சீட்டில் எடுத்த இடம், ஆழம், எடுத்தவர், நேரில் நின்றவர் எல்லாம் எழுத வேண்டும். உங்களை நம்பித்தான் இருக்கிறேன்" என்று எழுதியிருந்தான்.

வாசித்துவிட்டு நான் என்ன செய்தேன்? வெளியே எட்டிப் பார்த்தேன். காற்று ஊளையிட்டது. கண்ணைத் திறந்தால் மணல். அன்று பள்ளிக்கூடத்தைப் பரிசோதிக்க இன்ஸ்பெக்டர் வேறு வந்து என்னை ஏசிவிட்டுப் போயிருந்தார். "இவன் துரைமாரோட சேந்து வெளையாடுததுக்கு நான் போயி குழி தோண்டணுமாக்கும்" என்று சொல்லிவிட்டு, சீட்டை மட்டும் அழகாக எழுதினேன். பெரியவிளை, தேரி விளிம்பு. ஆழம் ஒன்றரை முழம். எடுத்தவர், நேரில் நின்றவர்: நேசையா, உபாத்தியாயர். கையெழுத்தும் போட்டேன். போட்டுக் கெசியாவிடம் கொடுத்து, "நீ போயி மண்ண எடுத்து இதையும் வச்சு அனுப்பிரு" என்றேன்.

அவள் அனுப்பினாள். புது ஓலைக் கொட்டானில் வைத்து, துணி சுற்றித் தைத்து, ஸ்ரீவைகுண்டம் தபாலாபீசுக்குப் போன வண்டியில் கொடுத்துவிட்டாள்.

எட்டு நாள் கழித்து, சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "தம்பிக்கு அனுப்புன மண்ணு இந்நேரம் போயிருக்கும். குளத்துக்குள்ள எறங்கி, நல்லா கருகருன்னு வண்டலாப் பாத்து அள்ளுனேன். கல்லு, வேரு எல்லாம் பொறுக்கி, வெயில்ல காயவச்சு, மாவு சலிக்கித சல்லடைலயே ரெண்டு தடவ சலிச்சேன்."

எடுத்த கவளத்தைத் தட்டில் போட்டேன். "தேரி மண்ணுல்லா கேட்டிருந்தான்?"

"அந்தச் சவத்து மணலையா? எத்தனை துரைமாரு, எத்தனை சாதிப் பிள்ளைய இருக்க எடம். இன்னாரு ஊரு மண்ணு இப்படின்னு நாளைக்கு அவனக் கேலி பண்ணவா? அறுப்புப் பண்டிகைக்குக் கோயிலுக்குக் கொண்டு போறப்போ சொத்தக் கத்திரிக்காயவா கொண்டு போறோம்? இருக்கதுல நல்லதத்தான குடுப்போம்."

எங்கள் சபையில் அப்படித்தான். முதல் பழம், முதல் கதிர், முதல் முட்டை என்று பொறுக்கி எடுத்துப் பீடத்தின் முன்னால் வைப்போம். வெளியூருக்கு ஒன்று போகிறதென்றால் கழுவித் துடைத்துத்தான் போகும். அவள் செய்ததில் அவளுக்குத் தப்பே தெரியவில்லை. தம்பிக்கு நல்லது செய்தோம் என்று நெஞ்சு நிறைந்து உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கே நான் ஒரு கார்டு எழுதியிருக்கலாம். எடுத்தும் வைத்தேன். என்ன எழுத? நான் நிற்கவில்லை, நின்றதாகக் கையெழுத்துப் போட்டேன் என்றா? பிள்ளைகள் பொய் சொன்னால் பிரம்பெடுக்கிற வாத்தியார் நான். நாளைக்கு எழுதுவோம் என்று வைத்தேன். நாலு நாளில் அவன் கடிதம் வந்துவிட்டது. "அத்தான்! அடியில் வண்டல் கிடக்கிறது! தண்ணீரை விடாமல் பிடிக்கிற மண். பூவரசே போதும். ஐப்பசி மழைக்கு நட்டுவிட வேண்டும். கிணறு பிழைத்தது என்று அக்காளிடம் சொல்லுங்கள்." கெசியா அந்தக் கடிதத்தை வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் நான் எங்கே எழுத.

கடைசிப் பரீட்சை நெருங்கியதால் ஐப்பசியில் அவனால் வர முடியவில்லை. எந்த வரிசை, எத்தனை அடி இடைவெளி என்று படம் போட்டு அனுப்பினான். நடவைப் பார்த்துக்கொண்டவன் நான். பக்கத்து ஊர் முப்பிடாதி தலைமையில் எட்டுப் பேர் குழி எடுத்தார்கள். இரண்டாம் நாள் முப்பிடாதி தோள்வரை கையைக் குழிக்குள் விட்டு, எடுத்து விரித்துக் காட்டினார். உலர்ந்த செம்மணல் விரலிடுக்கில் ஒழுகியது.

"வாத்தியாரய்யா, அடியில வண்டலு கெடக்குன்னு சொன்னிய. கையி முங்குன மட்டும் மணலால்லா வருது? இதுல பூவரசு நிக்காது. பனங்கொட்டையப் போடுங்க, பைய வந்தாலும் வரும்."

"படிச்சவன் கண்ணாடிக் குழாயில போட்டுப் பாத்துச் சொல்லுதான். ஒமக்கு அவனவிடத் தெரியுமோ? நடும்வே" என்றேன்.

"நடுதேன். எனக்கென்ன" என்று குனிந்துகொண்டார்.

அறுநூறு போத்து. கார்த்திகை மழைக்குத் தளிர் விட்டது. விட்டது உண்மை, அதை எழுதினேன். தை பிறந்ததும் மழை நின்றது. மாசி, பங்குனி முழுக்க ஊர்ப் பெண்கள் அந்தக் கிணற்றிலிருந்தே குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார்கள். கெசியா காலையில் இருபது குடம், சாயங்காலம் இருபது குடம். உள்ளங்கை தோல் உரிந்து போயிற்று. "கர்த்தாவே, இந்தத் தண்ணிய அடிக்கு அனுப்பாம வேருலயே நிறுத்தும்" என்று அவள் முணுமுணுத்துக்கொண்டு ஊற்றியதைக் கேட்டேன். கேட்டும் வாயைத் திறக்கவில்லை. சித்திரையில் கிணறு வற்றிச் சேறு தெரிந்தது. இனிக் குடிக்கத்தான் தண்ணீர் என்று ஊர் கூடி முடிவு செய்தது. அதில் யாரைக் குறை சொல்ல?

பாக்கியசீலன் முதல் வகுப்பில் தேறி, அப்படியே எங்கோ ஒரு பண்ணையில் பயிற்சிக்குப் போய்விட்டான். 1913 ஆடி முடிவில்தான், அந்தத் துரையோடு, வண்டியில் வந்து இறங்கினான். கோட்டும் தலைப்பாகையும். மெலிந்திருந்தான்.

பெரியவிளையில் அறுநூறு குச்சி நின்றது. நின்றது என்ன, பாதி சாய்ந்து, பாதி மணலுக்குள். ஒன்றில்கூட இலை இல்லை. துரை தொப்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இவன் ஒரு குச்சியைப் பிடுங்கினான், எந்தப் பிடிப்பும் இல்லாமல் வந்தது. கோட்டோடு முழங்கால் போட்டு இரண்டு கையாலும் தோண்டினான். ஒரு முழம், ஒன்றரை முழம், இரண்டு. மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். காற்று அதை அவன் கண் முன்னாலேயே கொண்டுபோயிற்று.

"அத்தான்" என்றான். "அந்த மண்ண நீங்க நின்னுதான எடுத்திய?"

அது ஒன்றுதான் கேட்டான். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. கெசியா துரைக்கென்று மோர்ச் செம்போடு விளைக்குள் வந்துகொண்டிருந்தாள்.

"நான் நின்னுதான் எடுத்தேன்" என்றேன்.

"சரி அத்தான்."

எழுந்து கையைத் தட்டிக்கொண்டு துரையிடம் போனான். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவுக்கு வரும். மண்ணைக் கணித்ததில் பிழை என்னுடையது, வேறு யாருக்கும் இதில் பங்கில்லை என்று சொன்னான். துரை நல்ல மனுஷர், தோளில் தட்டிக் கொடுத்தார். அதற்கப்புறம் இலாகாவிலிருந்து ஒரு கடிதமும் வரவில்லை.

1914 ஆடியில் மணல் கிணற்றின் கைப்பிடிச் சுவரைத் தொட்டது. ஊரே மண்வெட்டியோடு நின்று பார்த்தது. பகலில் அள்ளினால் மறுநாள் காலையில் அவ்வளவும் உள்ளே கிடக்கும். ஆவணி பிறக்கும்போது கிணறு இருந்த இடம் தெரியவில்லை. இரண்டு வருஷத்தில் நாற்பது வீடும் காலி. நாங்கள் பாளையங்கோட்டைக்கு வந்தோம்.

அவன் கிணறு மூடியதைப் பார்க்கவில்லை. அதற்கு முன்பே கப்பலேறிவிட்டான். கண்டி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேற்பார்வை வேலை. கலியாணம் பண்ணிக்கொள்ளவில்லை. எப்போதாவது கடிதம் வரும். "இங்கே காற்று இல்லை அத்தான், மழை. காட்டை வெட்டிய சரிவில் ஒவ்வொரு மழைக்கும் மேல் மண் கழுவிக்கொண்டு போகிறது. குறுக்கே கல்வரப்பு வைக்கலாம் என்று சொன்னேன், யாரும் கேட்கவில்லை. ஓய்வு நாளில் நானே கொஞ்சம் வைக்கிறேன்." எத்தனை வரப்பு வைத்தான், அவை இருக்கின்றனவா, எனக்குத் தெரியாது. போன வருஷம், 1918இல், அந்த விஷக் காய்ச்சல் அங்கேயும் போயிற்று. முப்பது வயதுகூட ஆகவில்லை. அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து அவனுடைய டிரங்குப் பெட்டி வந்தது. கெசியாதான் திறந்தாள். அந்தக் கோட்டு, இரண்டு வேட்டி, வேதப்புத்தகம். துணிக்கு நடுவில் பத்திரமாகச் சுற்றி, அடைப்பு போட்ட ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே கருமண். மேலே ஒட்டியிருந்த சீட்டு என் கையெழுத்து.

"ஐயோ, இங்க பாருங்களேன்! நான் அனுப்புன மண்ணு!" குப்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். "இம்புட்டு வருஷமா வச்சிருக்கானே. அன்னைக்குத் துரையோட வந்தப்போ மோரக் குடுத்துட்டு மெதுவாக் கேட்டேன். தம்பி, நான் சலிச்சு அனுப்புன மண்ணு நல்லா இருந்துச்சாடேன்னு. கொஞ்ச நேரம் என்னையே பாத்தான். பெறவு, ரொம்ப நல்ல மண்ணுக்கா, எங்க வாத்தியாருமாரு எல்லாரும் கையில எடுத்துப் பாத்தாங்கன்னான். கண்ணு கலங்கிட்டு அவனுக்கு. மணலு விழுந்துட்டுன்னான்."

குப்பியை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன்.

நான் எழுதியதன் மேல் பேனாவால் ஒரே ஒரு கோடு இழுத்திருந்தது. வாசிக்க முடியாதபடி அடிக்கவில்லை, மண்ணைப் படித்தவர்கள் தப்பான சீட்டைத் திருத்துகிறபடி, பழையதும் தெரியும்படி. பெரியவிளை என்ற இடத்தில், குளத்து வண்டல். ஆழம் என்ற இடத்தில், மேல் மண். எடுத்தவர் என்ற இடத்தில், அக்காள். கடைசி வரியில் என் பெயரையும் உபாத்தியாயரையும் கோடிட்டு, அவனுடைய பொடி எழுத்தில் எழுதியிருந்தான். நேரில் நின்றவர்: ஒருவரும் இல்லை.

கீழே தேதி. துரை வந்து போன மறுநாள்.

அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கடிதம் கடிதமாக அத்தான், அத்தான் என்று எழுதியிருக்கிறான். ஐந்து வருஷம். ஒரு வார்த்தை கேட்கவில்லை பாவி. கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

கெசியாவுக்கு இப்போது கண் மங்கல், ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுவாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். "அதுல தம்பி எழுத்து மாதிரி தெரியுதே. என்ன எழுதியிருக்கான்? வாசிங்களேன்."

அவன் கோடிட்டிருந்த என் வரிகளையே எடுத்து, "பெரியவிளை, தேரி விளிம்பு. ஆழம் ஒன்றரை முழம். நேரில் நின்றவர், நேசையா" என்று வாசித்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு, குப்பியை வாங்கி வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.